வலது தடம் முந்திச் செல்வதற்கே

குயிலாப்பாளையத்திலிருந்து கிழக்கே இறங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. மேற்கே போனால் திண்டிவனம் – புதுச்சேரி நான்குவழிச் சாலை. ஊருக்குள் இடப்பக்கம் கடைகள், மாடுகள், நிற்கும் ஆட்டோக்கள் என்று இருப்பதால் நடுச்சாலையை ஒட்டியே ஓட்டிப் பழகிவிடுகிறோம். அதே பழக்கத்தோடு நான்குவழிச் சாலையில் ஏறி, நடுத்திட்டை ஒட்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போவதுதான் ஆபத்து.

2017இல் மத்திய அரசு வெளியிட்ட மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின் அடிப்படை எளிமையானது. இயன்றவரை இடப்பக்கமாகச் செல்ல வேண்டும், முந்துவது வலப்பக்கமாக. முன்னே செல்பவர் வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டிருந்தால் இடப்பக்கமாகக் கடக்கலாம் என்பது விதிவிலக்கு. நம்மை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டி அவரைத் தடுப்பதும் குற்றமே. (இதை நம்மில் பலர் வீரமாக நினைக்கிறோம்!)

மெதுவாகச் செல்பவர் வலது தடத்தை விடாவிட்டால் பின்னால் வருபவர் என்ன செய்வார்? ஹாரன் அடித்துப் பார்ப்பார், பிறகு இடப்பக்கம் புகுவார். அங்கே ஓரமாகப் போய்க்கொண்டிருப்பவர் பைக்கில் பிள்ளைகளோடு செல்லும் ஒரு தகப்பனாக இருக்கலாம். தவறே செய்யாத அவர்மீதுதான் மோதல் விழுகிறது.

லாரி ஓட்டுநர்களை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல. விளக்கில்லாமல் நிறுத்திய வண்டிகளும், 'யூ டர்ன்' தூரம் என்று எதிர்த்திசையில் வரும் பைக்குகளும் இடது தடத்தில் இருக்கும்வரை அவர்கள் அங்கே வரத் தயங்கத்தான் செய்வார்கள்.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அங்கே போக்குவரத்து சாலையின் வலப்பக்கம். முந்தும் தடம் இடப்புறம். இங்கே எல்லாம் தலைகீழ். விமானம் இறங்கிய இரவே ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

விதிக்கு மாறாக முந்துவதையும் எதிர்த்திசையில் ஓட்டுவதையும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஆபத்தான ஓட்டுதல்' என்ற 184ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்தது. முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முந்தும் முறை இதுதான்: கண்ணாடியில் பின்னால் பாருங்கள், இண்டிகேட்டர் போடுங்கள், வலப்பக்கம் சென்று கடந்துவிடுங்கள். கடந்த வண்டியின் இரு முகப்பு விளக்குகளும் உள்கண்ணாடியில் முழுதாகத் தெரிந்த பிறகு, மீண்டும் இண்டிகேட்டர் போட்டு இடது தடத்துக்குத் திரும்பிவிடுங்கள்.