நகரத் தலைவரும் மயக்கப்பொருள் வருமானமும்

ஒரு நகரத்தை உண்டாக்கியவர் இன்னார் என்று சரித்திரம் புகழும்போது, அந்நகரம் யாருடைய பணத்தால் உண்டாயிற்று என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பெரியோர் பலருடைய புகழ் குன்றிவிடும் என்ற அச்சம் போலும்! ஆயினும், பகுத்தறிவைத் துணையாகக் கொண்டோர் இக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டும்.

ஜொகூர் பாருவில் ஜாலான் தான் ஹியோக் நீ என்றொரு தெரு உண்டு. அப்பெயருடையார் 1827-ஆம் ஆண்டில் சீன தேசத்தில் பிறந்து, சிங்கப்பூருக்கு வந்து, துணி விற்றுப் பிழைத்தவர். தெலுக் பிளாங்காவில் தெமெங்கோங் குடும்பத்தாருக்குத் துணி விற்கச் சென்றவர், பிற்காலத்தில் சுல்தானாக விளங்கிய அபுபக்கரின் நட்பைப் பெற்றார். 1855-இல் தஞ்சோங் புத்ரி என்ற பெயருடன் தோன்றிய சிற்றூரே பின்னர் ஜொகூர் பாரு ஆயிற்று. அந்நகருக்கு மேயர் பதவி 1994-இல் மாநகரமான பின்னரே வந்தது. அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்னரே, 1870-இல், ஜொகூர்ச் சீனர்க்கெல்லாம் தலைவராக, "சீன மேஜர்" என்ற பட்டத்துடன் தான் ஹியோக் நீ நியமிக்கப்பெற்றார்.

இவர் செல்வம் வந்த வழியாது? அக்காலத்தில் ஜொகூரின் ஒவ்வோர் ஆற்றங்கரையும் "சூரத் சுங்கை" என்ற சாசனத்தின்மூலம் ஒரு சீனத் தலைவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவருக்குக் கங்சு என்று பெயர். காடழித்துக் காம்பியரும் மிளகும் பயிரிடுவித்தல் அவர் கடமை. காம்பியர் என்பது தோல் பதனிட உதவும் சரக்கு. ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலை பெற்றது. ஆனால் கங்சுவுக்குப் பயிர் மட்டுமா வருமானம்? அபினி விற்கவும், சாராயம் விற்கவும், சூதாட்டம் நடத்தவும், அடகு பிடிக்கவும், பன்றியிறைச்சி விற்கவும் அவருக்கே உரிமை. கூலியாளின் ஒரு கையில் வைத்த காசை, மறு கையிலிருந்து அபினிக் குழாயின் வழியே திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது!

தான் ஹியோக் நீ இத்தகைய ஆறுகள் பலவற்றுக்குத் தலைவரானார். 1870-இல் தான் செங் போ, சியாங் ஹொங் லிம் ஆகிய செல்வர்களுடன் கூட்டுச் சேர்ந்து, சிங்கப்பூர், ஜொகூர் இரண்டிலும் அபினி, சாராயக் குத்தகைகளைக் கைக்கொண்டார். அவரை மட்டும் பழித்தல் நியாயமன்று. குத்தகையை ஏலம் விட்டது சர்க்கார். அப்பணத்திலேயே சாலையும் பாலமும் எழுந்தன. கங்சு முறை 1917-இல்தான் ஒழிந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் மற்றொரு நகரத் தலைவர் இருந்தார். மேய்ன் மாகாணத்துப் போர்ட்லாந்து நகர மேயர் நீல் டவ். 1804-இல் பிறந்தவர்; தோல் பதனிடுந் தொழிலில் பொருளீட்டியவர். குடியால் தொழிலாளர் குடும்பங்கள் சீரழிதலைக் கண்டு, 1851-இல் மேயரானதும் மாகாணம் முழுமைக்கும் மதுவிலக்குச் சட்டம் கொணரச் செய்தார். சில ஆண்டுகளில் பத்துக்கு மேற்பட்ட மாகாணங்கள் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால் 1855-இல், மருந்துக்கென்று நகரசபை வாங்கிவைத்த சாராயத்தை முன்னிட்டு ஜனங்கள் கலகஞ்செய்தனர். படையினர் சுட்டதில் ஒருவர் மாண்டார். மறு ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. நல்ல எண்ணமாயினும், ஜனங்களின் மனத்தில் வேரூன்றாமல் மேலிருந்து இடப்பட்ட கட்டளை நிலைக்கவில்லை.

அங்ஙனமாயின், மயக்கப்பொருளை ஒழிக்க வல்லவர் யார்? இக்கேள்விக்கு விடையளித்தோர் நம்மவரே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தஞ் செய்த தமிழ்த் தொழிலாளர், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கோரினர். கூலி கொடுப்போரே கள்ளுக்கடையையும் அனுமதித்த சூழ்ச்சியை அவர்கள் உணர்ந்திருந்தனர். சர்க்கார் படையை ஏவிற்று, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர், தலைவர் ஆர். ஹெச். நாதன் நாடு கடத்தப்பட்டார். எனினும், "எமக்கு இது வேண்டா" என்று குடிப்போர் வரிசையிலிருந்தே எழுந்த குரல், எந்த மேயரின் சட்டத்தினும் வலியது.

தான் ஹியோக் நீ சிங்கப்பூரில் தாங்க் ரோட்டில் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது. 1902-இல் அவர் சீனாவில் காலமானார். அம்மாளிகையிலேயே 1938 முதல் பல்லாண்டுகள், மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்ட இரட்சணிய சேனை தன் தலைமை நிலையத்தை வைத்திருந்தது. கட்டடம் மனம் மாறிற்று என்பதா? மனிதர் மாறினர் என்பதே மெய்.

மாளிகையும் தெருப்பெயரும் தலைவர்களுக்கு எஞ்சின. ஆற்றங்கரைகளில் அபினிப் புகையோடு மறைந்த கூலிகளின் பெயர் எத்தெருவிலும் இல்லை. நம் ஊரில் ஒருவரைப் பெரியவர் என்று மாலையிடுமுன், அவர் எவ்வளவு கொடுத்தார் என்று எண்ணுவதோடு, யாரிடமிருந்து எடுத்தார் என்றும் கேட்போமாக.