கேட் என்னும் தெரு: யார்க் நகரின் வீதிகளும் வாயில்களும்

ஆங்கிலத்தில் 'கேட்' என்றால் வாசல். வாசலை அடைக்கும் கதவும் அதுவே. மதில் சுவரில் விட்ட திறப்பைக் குறித்த இந்தச் சொல் காலப்போக்கில் அணையின் மதகுக்கும், விமான நிலையத்தில் பயணிகள் ஏறச் செல்லும் வழிக்கும், விளையாட்டு மைதானத்தின் டிக்கெட் வசூலுக்கும், கணினிச் சில்லுக்குள் இருக்கும் தருக்கச் சுற்றுக்கும் பெயரானது. 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். அதன் பிறகு, எந்த ஊழலின் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும் விகுதியாகவும் 'கேட்' மாறியது. ஆனால் வட இங்கிலாந்தில் இதே எழுத்துகளில் வேறு வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்குகிறது. அங்கே 'கேட்' என்றால் தெரு.

இதை நன்றாகப் பார்க்கக் கிடைக்கும் ஊர் யார்க். ரோமானியர் கி.பி. 71இல் இங்கே ஒரு படைக்கோட்டை கட்டி எபோராகம் என்று பெயரிட்டார்கள். 866இல் வைக்கிங் படை நகரைப் பிடித்தது. அவர்கள் வாயில் ஊர்ப்பெயர் யோர்விக் ஆனது. கடைசி வைக்கிங் அரசனான எரிக் 954இல் துரத்தப்பட்டான். அவர்களது ஆட்சி நூறாண்டுக்குள் முடிந்தாலும் பேச்சு ஊரிலேயே தங்கிவிட்டது. தெருவுக்கு அவர்கள் சொன்ன சொல் 'காத்தா'. அதுதான் தேய்ந்து 'கேட்' ஆனது. மிக்கில்கேட் என்றால் பெரிய தெரு. ஸ்டோன்கேட் கல் பாவிய தெரு. ரோமானியக் கோட்டையின் பழைய சாலை ஒன்றின் தடத்திலேயே அது இன்றும் செல்கிறது. குட்ரம்கேட், குத்ரம் என்ற ஸ்காண்டிநேவியப் பெயர் கொண்ட ஒருவரின் தெரு.

இவற்றில் காப்பர்கேட்டின் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டால் செம்பு நினைவுக்கு வரும். செம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வைக்கிங் மொழியில் 'கொப்பாரி' என்றால் மரக்கிண்ணம் கடைபவர். ஆக இது கடைசல்காரர் தெரு. நெடுங்காலம் இதற்குச் சான்றாக இருந்தது பெயர் ஒன்றுதான். 1976 முதல் 1981 வரை யார்க் தொல்லியல் அறக்கட்டளை அந்தத் தெருவில் அகழாய்வு செய்தது. காற்றுப் புகாத ஈரமண் மரத்தையும் தோலையும் துணியையும் மக்கவிடாமல் காத்திருந்தது. வேலியடைத்த நீண்ட மனைகள், பத்தாம் நூற்றாண்டு வீடுகள், பட்டறைகள், ஒரு கம்பளிக் காலுறை என்று சுமார் 40,000 பொருள்கள் வெளிவந்தன. கடைந்த கிண்ணங்களோடு கடைசல் கழிவும் கிடைத்தது. மரக்கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உட்புறத்தைக் குடையும்போது நடுவே கூம்பு போல ஒரு துண்டு எஞ்சும்; கடைசியில் அதை ஒடித்து எறிவார்கள். அப்படி எறிந்த கூம்புகள் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. பெயர் சொன்னதைக் குப்பை மெய்ப்பித்தது. தெருப்பெயர்களை வெறும் அடையாளம் என்று ஒதுக்குவோர் இந்த அகழாய்வைக் கவனிக்க வேண்டும். அதே இடத்தில் 1984இல் யோர்விக் வைக்கிங் மையம் திறக்கப்பட்டது.

வைக்கிங் அரசு போன பின்னும் இந்தச் சொல் உயிரோடு இருந்ததற்கு காசில்கேட் சாட்சி. காசில் என்றால் கோட்டை. வெற்றிவீரர் வில்லியம் யார்க்கில் கோட்டை கட்டியது 1068இல். அதற்கு முன் இப்படி ஒரு பெயர் பிறந்திருக்க முடியாது. அதாவது எரிக் துரத்தப்பட்டு நூறாண்டு கடந்த பின்னும் ஊரார் தங்கள் தெருவைக் 'கேட்' என்றே அழைத்திருக்கிறார்கள். வட இங்கிலாந்துக் கிராமங்களில் வழி, நடை என்ற பொருளிலிருந்து இன்னொரு வழக்கும் கிளைத்தது: பொது மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாட்டை மேய்க்கும் உரிமைக்கும் 'கேட்' என்றே பெயர். அந்த உரிமையை வாங்கலாம், விற்கலாம்.

தெருவுக்குக் 'கேட்' என்ற பெயர் போய்விட்டதால், நகர மதிலின் வாயில்கள் யார்க்கில் 'பார்' என்று அழைக்கப்பட்டன. வழியை மறிக்கும் மரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. மிக்கில்கேட் பார், பூத்தம் பார், மங்க் பார், வால்ம்கேட் பார் ஆகிய நான்கும் முக்கியமானவை. உள்ளே வரும் சரக்குக்கு இங்கே சுங்கம் வாங்கினார்கள். லண்டன் பக்கமிருந்து வரும் சாலை மிக்கில்கேட் பாரில் வந்து சேர்வதால், அரசர்கள் நகருக்குள் நுழைந்ததும் அங்கேதான். துரோகிகள் எனப்பட்டவர்களின் தலைகளைக் குத்தி வைத்ததும் அங்கேதான். 1460 டிசம்பரில் வேக்ஃபீல்டு போரில் மாண்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் தலைக்குக் காகித முடி சூட்டி இந்த வாயிலின் மேல் வைத்தார்கள்.

லண்டனில் நிலைமை நேர்மாறு. ஆல்ட்கேட், பிஷப்ஸ்கேட், லட்கேட் எல்லாம் மெய்யான கோட்டை வாசல்கள். 1760ஐ ஒட்டி, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அவற்றை இடித்துத் தள்ளினார்கள். இன்று பிஷப்ஸ்கேட் என்பது வாயில் இல்லாத ஒரு சாலையின் பெயர்.

யார்க் மாநகராட்சியும் 1800ஐ ஒட்டி அதே வழியில் இறங்கப் பார்த்தது. மதிலைப் பராமரிக்கச் செலவு, வண்டிகள் போக இடுக்கு என்பவை அது சொன்ன காரணங்கள். எதிர்ப்பு கிளம்பியது, யார்க்கிலேயே பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி மதிலைக் காக்க வேண்டும் என்று தொடர்ந்து வாதாடினார். மதிலின் பெரும்பகுதியும் நான்கு வாயில்களும் தப்பின. ஆனால் வாயில்களுக்கு முன்னே நீண்டிருந்த முன்னரண்களில் மூன்று 1820களிலும் 1830களிலும் இடிபட்டன. வால்ம்கேட் பாரின் முன்னரண் மட்டும் எஞ்சியது. 1644இல் நகரம் முற்றுகையிடப்பட்டபோது பீரங்கிக் குண்டுகளைத் தாங்கிய வால்ம்கேட் பாரே, இங்கிலாந்தின் நகர வாயில்களில் முன்னரண் முழுதாக நிற்கும் ஒரே வாயில்.