பண்டிதரின் 96, பிட்ச் பெண்டின் 8192

தஞ்சாவூரில் சித்த வைத்தியம் செய்த ஆபிரகாம் பண்டிதரை எல்லாருக்கும் தெரியும். 1917-ல் அவர் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். அதில் எனக்குப் பிடித்தது ஒரு கணக்கு. ஒரு ஸ்தாயியைச் சமமாக 12 ஆகப் பிரித்தால் ஆயப்பாலை, 24 வட்டப்பாலை, 48 திரிகோணப்பாலை, 96 சதுரப்பாலை என்கிறார். 22 சுருதிக்காரர்களோடு 1916 பரோடா மாநாட்டிலேயே வாதாடியவர் அவர். அவருடைய மகள்கள் அங்கே வீணையில் வாசித்துக் காட்டினார்கள்.

இதை இன்றைக்கு வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு எலக்ட்ரானிக் ஆர்கன், ஒரு மிடி சீக்வென்சர் போதும்.

ஆர்கனில் இரண்டு கையால் நாலு குரல் வாசிக்கலாம், ஆனால் ஒரு ஸ்வரத்தைக்கூட அசைக்க முடியாது. கட்டையை அழுத்தினால் வருவதுதான். சீக்வென்சரில் ஒவ்வொரு குரலாக வாசித்து மேலே மேலே அடுக்குகிறோம். பதிவாவது ஒலி இல்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்ற எண்கள். சினிமாவில் 1986-லேயே இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்கு கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்திவிட்டார்.

1983-ல் வந்த மிடியில் 16 சேனல். பிட்ச் பெண்ட் கொடுத்தால் அந்தச் சேனல் முழுக்க வளையும். நாலு குரலும் ஒரே சேனலில் இருந்தால் பாட்டுக்குக் கொடுத்த கமகத்தில் கார்டும் சேர்ந்து ஆடும், கேட்கச் சகிக்காது. ஆளுக்கொரு சேனல் கொடுத்துவிட்டால் மேல் குரல் மட்டும் அசையும், மற்றது நிற்கும். நம் இசைக்கு சீக்வென்சர் தந்த பெரிய வசதி இதுதான் என்பேன். ஹார்மனி எல்லாம் அப்புறம்.

சரி, கணக்கு. டெல்டாவில் 100 சென்ட் என்றால் ஒரு ஏக்கர்; இசையில் 100 சென்ட் என்றால் அரைசுரம். பெரும்பாலான கீபோர்டுகளில் பிட்ச் பெண்ட் கீழ்நோக்கி 200 சென்ட் வரை போகும், அது 8192 படி. பண்டிதரின் வட்டப்பாலைச் சுருதி 50 சென்ட், அதாவது 2048 படி. திரிகோணப்பாலை 1024. சதுரப்பாலை 512. பின்னமே இல்லை! அதிசயமில்லை, இரண்டு பேரும் பாதி பாதியாக வெட்டியவர்கள்.

அதைவிட சுவாரஸ்யம் அந்தர காந்தாரம். கீபோர்டில் அது 400 சென்ட். 5:4 விகிதப்படி சுமார் 386. ஸட்ஜத்தை மிடில் சி-யில் வைத்து ஸ-க-ப சேர்த்துப் பிடித்தால் ஆர்கன் ஒலி நொடிக்குச் சுமார் 10 முறை ஏறி இறங்கும். காந்தாரத்தை ஒரே ஒரு சதுரப்பாலைச் சுருதி இறக்குங்கள், அதாவது பெண்ட் மதிப்பு 8192-லிருந்து 7680. அந்த ஆட்டம் நொடிக்கு ஒன்றுக்கு வந்துவிடுகிறது.

இதனால் பண்டிதர் ஜெயித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். சங்ககாலத் தமிழர் 96 ஆகப் பிரித்தார்களா என்பது வேறு கேள்வி. 5:4 எதிர்க்கட்சியின் கணக்கு. 22 சுருதிப்படி விபுலானந்தர் எழுதிய 'யாழ்நூல்' 1947-ல் வெளிவந்ததும் தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் மூலம்தான். 5:4 துல்லியமாக வேண்டுமென்றால் பெண்ட் மதிப்பு 7631. பண்டிதருடையதிலிருந்து 49 படி கீழே. ஆர்கனில் நீண்ட கார்வை பிடித்தால்தான் அந்த 49 எனக்குக் கேட்கிறது. நாதஸ்வர ஒலிக்கு மாற்றி, கமகம் கொடுத்தால் சுத்தமாகக் கேட்கவில்லை.