சிவப்பின் சாட்சியம்

அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது விரலில் பட்ட சிறு கீறல், மறுநாள் காலையில் ஓரம் சிவந்து, சற்றே தடித்து, தொட்டால் சுடுவதாகத் தோன்றும்போது, அது ஆறத் தொடங்கிவிட்டதா, பழுக்கத் தொடங்கிவிட்டதா என்னும் சம்சயம் எழாத வீடு இல்லை. அற்பமாகத் தோன்றும் இந்தச் சம்சயத்தை ஒருவாறு தீர்த்துக்கொள்ள வைத்திய சாஸ்திரத்துக்கே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய நூலாசிரியர் செல்சஸ், அழற்சிக்குச் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என நான்கு லட்சணங்களை வகுத்தார். லத்தீனில் அவை ‘ரூபோர், டூமோர், காலோர், டோலோர்’ என்று இயைபுத் தொடைபோல் ஒலிப்பதால் இன்றும் மாணாக்கர் நாவில் நிற்கின்றன. ஆயினும் அந்த நான்கு சாட்சிகளும், ஆறுகிற புண்ணுக்கும் கெடுகிற புண்ணுக்கும் ஒரே வாக்குமூலத்தையே அளிக்கின்றன.

நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதை இவ்விடத்தில் நுட்பமாகப் பார்த்திருக்கிறது. வீக்கத்தை ஆமம், பச்யமானம், பக்குவம் என, அதாவது காய், பழுப்பது, பழுத்தது என, அது மூன்றாகப் பகுக்கிறது. காய்ப் பருவத்தில் சூடு சொற்பம், தோலின் நிறம் மாறுவதில்லை. பழுக்கும் பருவத்திலோ ஊசி குத்துவதுபோலவும் தேள் கொட்டுவதுபோலவும் வேதனை, கூடவே சுரமும் தாகமும். பழுத்த பின்னர் வலி தணிந்து, தோல் வெளுத்துச் சுருங்கி, விரலால் அழுத்தினால் தோற்பையில் நீர் அசைவதுபோலச் சீழ் அசையும். காயைப் பழமென்று கீறிவிடுகிறவனையும், பழத்தைக் காயென்று விட்டுவிடுகிறவனையும் அந்நூல் ஒருங்கே நிந்திக்கிறது. புண் ‘பழுத்துவிட்டது’ என்று நாம் சொல்வதிலும் அந்தப் பழைய உருவகமே உயிரோடிருக்கிறது.

ஐரோப்பாவிலோ கட்டியான, வெண்மையான, நாற்றமற்ற சீழ் மெச்சத்தக்க சகுனமாகவே நெடுங்காலம் போற்றப்பட்டது. 13-ஆம் நூற்றாண்டில் தியோடொரிக் என்னும் இத்தாலிய ரணசிகிச்சையாளர், காயத்தை மதுவால் கழுவிச் சேர்த்துக் கட்டினால் சீழே வேண்டியதில்லை என்று எழுதியும், கேட்டவர் சிலரே.

1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்கு, வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து தோலும் பிளந்த காலோடு 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். அக்காலத்தில் இத்தகைய காயத்துக்குக் காலையே எடுத்துவிடுவதும், எடுத்தும் உயிர் போவதும் சகஜம். ரணசிகிச்சையாளர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் காயத்தை மூடினார். நான்கு நாள் கழித்துக் கட்டை நீக்கியபோது சீழின் அடையாளமே இல்லை. ஆனால் மருந்தின் காரம் சுற்றுத் தோலை உறுத்திக்கொண்டிருந்தது. பதறிய கை அந்த உறுத்தலையே அழுகலென்று கருதி மருந்தை எறிந்திருக்கும். லிஸ்டரோ மருந்தை விடாமல், நீரில் கரைத்தும் ஆலிவ் எண்ணெயில் கலந்தும் அதன் காரத்தை மட்டுப்படுத்தினார். ஆறு வாரங்களுக்குப் பின் சிறுவன் முழுக் காலோடு வீடு திரும்பினான். 1867-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரைகளை, கிருமிநாசினியின் வெற்றிச் சரித்திரமாகவே பலரும் படிக்கின்றனர். மருந்தால் வந்த சிவப்பை நஞ்சால் வந்த சிவப்பினின்றும் பிரித்தறிந்த அந்தக் கண்ணே அதனினும் அரிது என்பது என் எண்ணம்.

கிருமியே இல்லாமலும் உடல் கொதித்தெழும் என்பதற்கான விளக்கம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1882-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில், மெச்னிகோவ் என்னும் ருஷ்ய விஞ்ஞானி, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முட்களைச் செருகிவைத்து, விடியும்வரை காத்திருந்து பார்த்தபோது, முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் திரளாக மொய்த்திருந்தன. அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஆக்ஸ்டன் என்னும் வைத்தியர், வேகமாகப் பழுத்த கட்டிகளின் சீழில் திராட்சைக் குலைபோல் திரண்ட நுண்ணுயிர்களைக் கண்டார். சூடில்லாமல் மெள்ள வளரும் கட்டிகளில் அவை காணப்படவில்லை. அந்த நுண்ணுயிர்களுக்கு அவர் 1882-இல் சூட்டிய ஸ்டெபிலோகாக்கஸ் என்னும் பெயரிலும் கிரேக்கத் திராட்சைக் குலையே தொங்குகிறது.

ஆகவே ஒரு வேளைச் சிவப்பை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க இயலாது. வெறும் உறுத்தலால் வந்த சிவப்பு, உறுத்திய பொருள் விலகினால் ஓரிரு நாளில் அடங்கும். கிருமி புகுந்த சிவப்போ நாளுக்கு நாள் அகன்று, விண்விண்ணென்று தெறித்து, சீழ் கோத்து, சில வேளை கையில் செங்கோடாக ஏறிச் சுரத்தையும் அழைத்துவரும். விரலில் புண்ணென்றால் அக்குளையும், காலில் என்றால் தொடையிடுக்கையும் தடவி, நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நம் பாட்டிமார், கிருமியின் பெயரறியாமலே அதன் வழியை அறிந்திருந்தார்கள். இன்றைய மருத்துவரும், சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனாவால் தோலிலேயே ஒரு கோடு வரைந்துவிட்டு, மறுநாள் அது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்.