சுவரா, இணைப்பா?

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பழைய லயத்து வீடு என்றால் பலகைச் சுவர், தகரக் கூரை. ஒரு பலகை உளுத்துப் போனால் அதை மட்டும் பெயர்த்து வேறொன்றை அடித்துவிடலாம். பக்கத்துப் பலகைக்கு ஒன்றும் ஆகாது. இதே கணக்கு 17 மாடிக்குச் செல்லுமா?

1964இல் மலேசிய வீடமைப்பு அமைச்சு ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று வீடமைப்புத் திட்டங்களைப் பார்த்து வந்தது. போரில் வீடிழந்த ஐரோப்பா, கான்கிரீட் சுவரைத் தொழிற்சாலையில் வார்த்து, பாரந்தூக்கியால் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1966இல் கோலாலம்பூர் ஜாலான் பெக்கெலிலிங்கில் வேலை தொடங்கியது. டென்மார்க்கின் லார்சன்-நீல்சன் முறையில் 17 மாடிக் கட்டடங்கள் 7, வீடுகள் சுமார் 3,000. வார்ப்புக் களம் அமைத்த நாட்களையும் சேர்த்து 27 மாதங்களில் முடிந்தது. பினாங்கு ரைபிள் ரேஞ்சில் பிரெஞ்சு முறையில் 3,699 வீடுகள் எழுந்தன.

வேகத்தில் குறையில்லை. குறை எங்கே வந்தது? குளியலறையில்! இங்குள்ளவர்கள் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளிப்பவர்கள். ஐரோப்பிய வரைபடத்துக்கு அது தெரியவில்லை. சுவரும் சுவரும் சேரும் இடங்களில் நீர் கசியத் தொடங்கியது.

கசிவாவது பொறுக்கலாம். 1968 மே 16 அன்று லண்டனில் நடந்தது பெரிது. அதே லார்சன்-நீல்சன் முறையில் கட்டிய ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர் விலக, ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் மாண்டனர். அங்கே பாரத்தைத் தாங்கியது சுவர், தூண் இல்லை. 1986இல் அதைப் பிரித்தபோது, சாந்து இருக்க வேண்டிய இணைப்புகளில் செய்தித்தாள் திணித்திருந்தது தெரியவந்தது!

கான்கிரீட் தூண் நிறுத்தி, இடையில் சுவரைப் பொருத்துவது இன்னொரு முறை. அதில் பாரம் தூணுடையது. சுவர் போனாலும் மாடி நிற்கும். ஆனால் அங்கேயும் தூணும் உத்திரமும் சேரும் இணைப்பு சரியாக இருக்கவேண்டும்.

பெக்கெலிலிங் கட்டடங்கள் சரியாமல் நின்று, 2010களில் இடிக்கப்பட்டன. 2008இல் மலேசிய அரசு, தன் கட்டுமானத் திட்டங்களில் தொழில்முறைக் கட்டுமானத்துக்குக் குறைந்தது 70 புள்ளி வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, வார்ப்புச் சுவர் போகப் போவதில்லை.

லயத்தை விட்டு அத்தகைய வீட்டுக்குக் குடியேறும் தோட்டக் குடும்பம் எதைக் கேட்கவேண்டும்? எத்தனை நாளில் கட்டினீர்கள் என்பதையா? இணைப்பை யார் பார்த்தார்கள், குளியலறை யாருக்காக வரையப்பட்டது என்பதைத்தான்.