தபால் ஆபீசுக்குப் பெயர் வைக்க ஒரு சட்டம்

அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களின் பட்டியலைப் புரட்டினால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். சில நாடாளுமன்றக் காலங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு சட்டம் தபால் ஆபீசுக்குப் பெயர் வைப்பதுதான்! இரண்டு அவைகளும் நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்தும் போட வேண்டும். "இதுக்கெல்லாம் ஒரு சட்டமா?" என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் 2005-ல் வந்த ஒரு சட்டம் யோசிக்க வைக்கிறது. கலிபோர்னியாவின் டெமெக்குலா ஊர் தபால் ஆபீசுக்கு தலிப் சிங் சௌந்த் பெயரை வைத்த சட்டம் அது.

யார் இவர்? 1899-ல் பஞ்சாபில் பிறந்தவர். 1920-ல் படிக்கப் போய், 1924-ல் பெர்க்லியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் நிலம் வாங்கவும் கலிபோர்னியா சட்டம் விடவில்லை. கணித டாக்டர் விவசாயம் பார்த்தார். 1946-ல் சட்டம் மாறியது. 1949-ல் குடிமகன் ஆனார். 1950-ல் உள்ளூர் நீதிபதி தேர்தலில் ஜெயித்தும், குடிமகனாகி ஒரு வருஷம் ஆகவில்லை என்று பதவியைத் தரவில்லை. அடுத்த முறை நின்று மறுபடி ஜெயித்தார். 1956-ல் நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். "நீ எங்க ஆள் இல்லை" என்று சொன்னதும் சட்டம்தான், பெயர்ப்பலகை வைத்ததும் சட்டம்தான்.

இந்தச் சட்டங்கள் எல்லாமே ஒரே அச்சு. இன்ன முகவரியில் உள்ள கட்டடம் இனி இன்ன பெயரால் அழைக்கப்படும்; அரசு ஆவணங்களில் அந்தக் கட்டடத்தைப் பற்றிய குறிப்பு புதிய பெயரையே குறிக்கும். அவ்வளவுதான். ஊர்ப் பெயர், தெரு, அஞ்சல் எண் எதுவும் மாறாது. எங்க மென்பொருள் பாஷையில் சொன்னால் இது ஒரு ஏலியாஸ். பிரைமரி கீ-யைத் தொடுவதில்லை. அதோடு, மாநிலத்தின் கீழவை உறுப்பினர்கள் அத்தனை பேரும், எந்தக் கட்சியானாலும், சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது அவைக்குழு வைத்திருக்கும் வழக்கம்.

நம்ம ஊரில் தபால் ஆபீஸ் பெரும்பாலும் ஊர்ப் பெயரில்தான் இருக்கும். ஊர்ப் பெயரை மாற்ற மாநில அரசு பரிந்துரைத்து, மத்திய உள்துறை ஒப்புதல் தர வேண்டும். 1953-ல் வந்த வழிகாட்டுதல், தலைவர்களுக்கு மரியாதை என்பதற்காக மட்டும் ஊர்ப் பெயரை மாற்றாதீர்கள் என்கிறது. தபால் துறையையும் கலந்து பேசுவார்கள், ஒரே பெயரில் இரண்டு ஊர் வந்து குழப்பக் கூடாதே! முகவரிக்கு ஞாபகசக்தி அதிகம். தருமபுரி 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 1972-ல் வந்த பின்கோடில் பாலக்கோட்டுக்கு 636808. முதல் மூன்று எண்கள் இன்றும் சேலத்துடையவைதான்.

சும்மா ஆணை போட்டு வைக்கும் பெயர் என்ன ஆகும்? தருமபுரிக்காரர்களுக்குத் தெரியும். இங்கே அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் என்று பஸ் ஓடியது. 1997-ல் தென்மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரிலான கழகத்தை எதிர்த்துச் சாதிக் கலவரம் வெடித்தது. மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. அன்னை சத்யாவும் போய்விட்டது. எல்லோரையும் கேட்டு வைக்காத பெயருக்கு, வம்பு வந்தால் சேர்ந்து நிற்க ஆளில்லை.

இப்போது பாலக்கோட்டை அடுத்த பாப்பாரப்பட்டிக்கு வருவோம். பின்கோடு 636809. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று காலமானது இங்கேதான். சிறையில் தொழுநோய் வந்தது. தொழுநோயாளி என்று ரயிலில் ஏற விடாததால் ஊர் ஊராக நடந்தே போனார். இவரைத் தண்டித்ததும் அன்றைய சட்டம்தான். மணிமண்டபம் இருக்கிறதே என்பீர்கள். மணிமண்டபத்துக்கு நாம் தேடிப் போக வேண்டும். தபால் ஆபீசுக்கோ ஆர்.டி. கட்டுபவர், மணியார்டர் வாங்கும் பாட்டி என்று ஊரே தானாக வரும்.

ஊர்ப் பெயரைத் தொட வேண்டாம். கட்டடத்துக்கு மட்டும் சிவா பெயர், மாவட்டத்தின் எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.யும் கையெழுத்திட்ட கோரிக்கையோடு. பாப்பாரப்பட்டி பாப்பாரப்பட்டியாகவே இருக்கும், கடிதமும் 636809-க்கே போகும். உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்.