பிரசாவுரிமை விண்ணப்பமும் அதன் வினாத் தொடர்பும்

பெரகலையிலிருந்து வெல்லவாயவை நோக்கி இறங்கும் பெருந்தெருவில் உள்ளது கொஸ்லந்த. அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் ஊவாவின் ஏனைய தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழருள் மிகப் பலர், 1948 நவம்பர் 15 இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நாடற்றவராயினர். அன்னோர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறுதற்கென இயற்றப்பட்டது 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமாகும். 1949 ஓகஸ்ட் 5 தொடக்கம் இரண்டாண்டுத் தவணை கொடுக்கப்பட்டது.

அச்சட்டத்தின் அரசியலைப் பற்றிப் பேசியோர் பலர். ஆயின் ஏழைத் தொழிலாளியை வருத்தியது அரசியல் மாத்திரமன்று; விண்ணப்பத்தின் அமைப்புமாகும். அதில் எவ்வினாவுக்கும் தனித்த விடையில்லை. ஒரு விடையின் தகுதியை மற்றொரு விடையே தீர்மானித்தது.

கொஸ்லந்தைத் தோட்டமொன்றில் 1937 மார்ச்சில் இந்தியாவிலிருந்து வந்து பேர் பதிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மணமானவர்க்கு 1946 ஜனவரி 1 க்கு முந்திய ஏழாண்டு இடையறாத வதிவு போதும், அவர் தேறுவார். மணமாகாதவர்க்கும், துணையை இழந்தவர்க்கும், மணவிலக்குப் பெற்றவர்க்கும் பத்தாண்டு வேண்டும். ஆகவே அதே மனிதர், அதே வருகைத் திகதியுடன், மனைவியை இழந்தவராயின் தேறமாட்டார். திகதியிற் பிழையில்லை, அதனோடு சேர்ந்து நின்ற சொல்லே அதனைப் போதாததாக்கிற்று.

மணமானவரின் சிக்கல் அத்துடன் முடிந்ததோ எனின், இல்லை. மனைவி மணநாளிலிருந்து ஓராண்டு நிறையுமுன் இலங்கையில் வதியத் தொடங்கியிருத்தல் வேண்டும். அவரைச் சார்ந்த பராயமடையாத பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு வயது நிறையுமுன் வந்திருத்தல் வேண்டும். ஒரே முறையிற் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை நீங்கியிருப்பின் இடையறா வதிவு அறுந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லுதல் நம்மவர் வழக்கம். கருவுற்ற மகளொருத்தி இராமநாதபுரத்துக்கோ திருச்சிக்கோ சென்று, பிள்ளை பெற்று, உடல் தேறித் திரும்பும்போது, தாயின் வதிவு, பிள்ளையின் வயது, கணவனின் தகுதி ஆகிய மூன்றும் ஒரு கப்பற் சீட்டில் தொங்கின. அன்பினால் இரண்டு மாதம் கூடுதலாக நிறுத்திவைத்த பாட்டி, பேரனின் தகப்பனுடைய பிரசாவுரிமையைக் குலைத்தவளாதல் கூடும்.

விடைகள் ஒன்றோடொன்று மாறுபடின் விண்ணப்பகாரர் பொய்யுரைத்தார் எனக் கொள்ளுதல் எளிது. ஆனால் மாறுபாடு, இரண்டிலொன்று பிழை என்பதை மாத்திரமே காட்டும். எது பிழை என்பதைக் காட்டாது. தோட்டத்துச் செக்ரோலில் வயது பெரும்பாலும் கங்காணியின் கண்மதிப்பு. பெயரோ கணக்கப்பிள்ளையின் காதுக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கோயிலடியிலோ லயத்து வாசலிலோ தாலிகட்டியோரின் மணநாள் பதிவேட்டில் ஏறவில்லை. இத்தகைய ஏடுகளோடு ஒப்புநோக்கப்பட்டபோது உண்மை சொன்னவனே முரண்பட்டவனாகத் தோன்றினான்.

ஒப்புநோக்கிய காலமும் கவனிக்கத்தக்கது. இன்று கணினியில் நிரப்பும் படிவம், மணநாள் பிறந்த நாளுக்கு முந்தியதாயின், எழுதிய கையோடு தடுத்து, இரண்டு கட்டங்களையும் சுட்டித் திருத்தச் சொல்லும். அன்று விண்ணப்பம் சத்தியக் கடதாசியோடு கையளிக்கப்பட்டது. முரண்பாடு விசாரணையில் வெளிப்பட்டபோது பலருக்குத் தவணை கடந்திருந்தது. மறுப்புக்கான காரணங் கூறும் அறிவித்தலும், விசாரணையும், உயர்நீதிமன்றத்துக்கு மேன்முறையீடும் சட்டத்தில் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் சத்தியஞ்செய்த திகதியைப் பின்னர்த் திருத்துவோன், திருத்துதலாலேயே ஐயத்துக்கு ஆளானான். பிறர் கையால் எழுதுவித்து ஒப்பமிட்டோர்க்கு, தாம் முன்னர் என்ன சொன்னோம் என்பதே தெளிவில்லை.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலிற் பகிஷ்கரித்துப் பின்னர் மனமாறியமையால் விண்ணப்பங்கள் தவணையின் பிற்பகுதியிலே குவிந்தன. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவை சுமார் 824,000 பேரைத் தழுவியன. பிரசாவுரிமை பெற்றோரோ 134,000 பேரளவினரே. தள்ளப்பட்டோரெல்லாம் திகதி முரணாற் தள்ளப்பட்டாரல்லர். போதிய வருவாய் முதலிய வேறு நிபந்தனைகளும் உண்டு. எஞ்சியோரின் விதியை 1964 ஒக்டோபர் 30 இற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தொகைகளாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேர் பின்னர்ப் பேசுதற்கென விடப்பட்டனர்.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வழியை மேற்கொண்டது. 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும், இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது பிரசாவுரிமை வழங்கிற்று. மணமானவரா, மனைவி எப்போது வந்தார், பிள்ளைக்கு அப்போது எத்தனை மாதம் என்னும் வினாக்கள் அதில் இல்லை.